கதவோரக் கட்டில்

படூர்ப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இப்போது வசிக்கிறேன். அருகிலுள்ள கல்லூரியில் செவிலியர் படிப்புப் படிக்கும் பெண்கள் சிலர் சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். தீக்காயப் பிரிவில் அவர்களுக்குப் பயிற்சி தொடங்கியிருந்தது. அவர்களில் ஒருத்தி தன் கைப்பேசியை என் முன் நீட்டினாள். நோயாளியின் வயது, எரிந்த தோலின் பரப்பு, புகை மூச்சுக்குழலுக்குள் போயிருக்கிறதா என்பன போன்ற விவரங்களைத் தட்டினால், அவர் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை என்று அது சொல்லிவிடுகிறது. "இது இல்லாம உங்க காலத்துல எப்படி மேடம் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

எங்களிடமும் ஒரு கணக்கு இருந்தது, விரல்விட்டே போட்டுவிடலாம் என்றேன். வயதையும், எரிந்த பரப்பின் விழுக்காட்டையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை ஏற ஏற ஆபத்தும் ஏறும். நூறைத் தாண்டினால் நம்பிக்கை இல்லை. "அவ்ளோதானா?" என்றாள், சற்றே ஏமாற்றத்துடன். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கூட்டலைச் சரியாகப் போடுவது எவ்வளவு கடினம் என்பதை அன்றைய பிற்பகலுக்குள் என்னால் சொல்லி முடிக்க இயலவில்லை. ஆகையால் எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னையில் படித்தேன். படுக்கை விரிப்பின் மூலையை மடிப்பது, ஊசிகளைக் கொதிக்கவைப்பது, மேட்ரன் வந்தால் எழுந்து நிற்பது ஆகிய மூன்றையும் பிழையறக் கற்றேன். மற்றவற்றையெல்லாம், எழுபதுகளின் தொடக்கத்தில் செங்கல்பட்டில் வேலையில் சேர்ந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். எங்கள் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைப் பிரிவின் பின்புறம் இருந்த நீண்ட கூடம்தான் தீக்காய வார்டு. பம்பு ஸ்டவ் வெடித்தவர்கள், குப்பத்தில் கூரை பற்றியவர்கள், சுண்ணாம்புக் காளவாயில் கால் தவறியவர்கள் என்று, படாளம் பக்கத்து வயற்காட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரைவரை எரிந்தவர் எல்லோரும் அங்கேதான் வந்தார்கள்.

அந்தக் கூடத்தில் வாசற்கதவை ஒட்டி ஒரு கட்டில் இருந்தது. கணக்கு நூறைத் தாண்டியவரை அதில் படுக்கவைப்பது வழக்கம். அதை விதியாக யாரும் எழுதி வைத்ததில்லை. உறவினர்கள் தாழ்வாரத்திலிருந்து தடையின்றி வந்து போகலாம். முடிவு நேர்ந்தால் மற்ற நோயாளிகளின் கண்முன்னே கூடம் முழுவதும் கடந்து எடுத்துச்செல்ல வேண்டியதில்லை. இரக்கத்தில் தொடங்கிய வழக்கம்தான். ஆனால் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் பிளாஸ்மா போத்தல்கள் எங்களுக்கு அரிதாகவே வந்த காலம் அது. கதவோரக் கட்டிலுக்கு வலி தெரியாமலிருக்க மருந்து உண்டு, நரம்பில் ஏற்றும் உப்புநீர் உண்டு, உதட்டில் ஈரத்துணி உண்டு. பிளாஸ்மா மட்டும் கிடையாது. அது பிழைக்கக்கூடியவருக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது.

இதில் ஒளிந்திருந்த சுழலைக் கவனிக்க வேண்டும். நூறைத் தாண்டியவர்கள் பிழைப்பதில்லை என்று எங்கள் அனுபவம் சொன்னது. அவர்கள் பிழைக்காததற்கு, நூறைத் தாண்டியவர்கள் என்று நாங்கள் அவர்களைக் கைவிட்டதும் ஒரு காரணம். வரப்போகும் சாவை அந்தக் கணக்கு முன்கூட்டிச் சொன்னது மட்டுமல்ல, வரவழைத்தும் கொண்டிருந்தது. ஊர்மக்களுக்கு விழுக்காடு தெரியாவிட்டாலும் கட்டில் தெரியும். 'கதவோரம் போட்டுட்டாங்க' என்ற செய்தி கிடைத்தால், வீட்டில் பந்தல்காரருக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

நான் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளில் டாக்டர் தணிகாசலம் எங்கள் பிரிவுக்குத் தலைமை ஏற்று வந்தார். மெலிந்த உடல், அதைவிட மெலிந்த குரல். கூடத்துக்குள் நுழையுமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். மருத்துவர் தற்செயலாகக் கடிகாரத்தைப் பார்த்தாலும் நோயாளி அதைத் தன் ஆயுளோடு சேர்த்து எண்ணிக்கொள்வார் என்பது அவர் கருத்து. 'தேறமாட்டார்' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. தேறுவார் என்றும் எளிதில் சொல்லமாட்டார்.

பரப்பை அளப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. உடலை ஒன்பது ஒன்பதாகப் பகுத்து மதிப்பிடுவது எங்கும் உள்ள வழக்கம்: தலைக்கு ஒன்பது, ஒவ்வொரு கைக்கும் ஒன்பது, ஒவ்வொரு காலுக்கும் இரண்டு ஒன்பது, மார்பும் வயிறும் சேர்ந்து இரண்டு, முதுகுக்கு இரண்டு. நெருப்பு என்னவோ இந்த எல்லைகளைப் பார்த்துப் பரவுவதில்லை. ஆகவே அவர் நோயாளியின் உள்ளங்கையை அளவுகோலாக எடுத்துக்கொள்வார். விரல்களோடு சேர்ந்த ஓர் உள்ளங்கை, அந்த உடலில் நூற்றில் ஒரு பங்கு. பழைய எக்ஸ்ரே பிலிமைக் கழுவி, நோயாளியின் கை வடிவத்தில் வெட்டி, காயத்தின் மேல் படாமல் பிடித்து நகர்த்தி எண்ணச் சொல்வார். தோல் வெறுமனே சிவந்திருந்தால் கணக்கில் சேராது, கொப்புளம் சேரும். "சிவப்பையெல்லாம் சேத்தா, வெயில்ல நிக்கறவங்க எல்லாரும் நம்ம வார்டுக்கு வர வேண்டியதுதான்" என்பார்.

ஒருவர் எண்ணினால் போதாது, மூவர் தனித்தனியே எண்ண வேண்டும். பணியில் இளையவர் முதலில் சொல்ல வேண்டும், டாக்டர் கடைசியில் சொல்வார். மூத்தவர் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் பிறகு யாருக்கும் கண் தெரியாது என்பது அதற்கு அவர் சொன்ன காரணம்.

எண்ணுக்குள் அடங்காத ஒன்று உண்டு என்பதையும் அவரிடமே கற்றேன். குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். எரியும் குடிசைக்குள் தாழ்ப்பாள் திறக்காமல் சிறிது நேரம் சிக்கியிருந்தவள். காயம் முன்கைகளில் மட்டும்தான், வயதும் குறைவு. கணக்குப்படி ஆபத்தே இல்லை. நான் நிம்மதியுடன் கட்டுப்போடத் தயாரானேன். டாக்டர் அவளிடம் ஊர்ப்பெயரைச் சொல்லச் சொன்னார். கரகரத்த குரலில் சொன்னாள். மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு விளக்கைப் பிடித்து அவள் மூக்கினுள் பார்த்தார். மூக்கு முடிகள் கருகியிருந்தன. ஆக்சிஜன் கொடுத்தோம், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தோம். இருந்தும் புகை குடித்த நுரையீரல் அவளைக் காக்கவில்லை. அன்று அவர் எங்களிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "எண்ணறதுக்கு முன்னாடி பேச வைங்க."

அந்த வாக்கியம்தான் பின்னர் கரீம் பாயைக் காப்பாற்றியது.

கரீம் பாய்க்கு மாமல்லபுரத்தில் பெட்ரோமாக்ஸ் வாடகைக் கடை. கல்யாணம், தர்காக் கந்தூரி, சாமி புறப்பாடு எதுவானாலும் சுற்று வட்டாரத்துக்கு வெளிச்சம் அவருடையது. அந்த ஆண்டு சித்திரைத் திருவிழாவுக்காகத் திருக்கழுக்குன்றத்துக்கு விளக்குகளை வண்டியேற்றிக் கொண்டு போயிருந்தார். மாலையில் ஒவ்வொன்றாகக் காற்றடித்து ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு விளக்கு குப்பென்று சீறி, எண்ணெயோடு நெருப்பு அவர் லுங்கியிலும் பனியனிலும் பாய்ந்துவிட்டது.

அவரை எங்களிடம் கொண்டுவந்த வேளையில் டாக்டரும் நானும் வேறோர் அறுவைச் சிகிச்சையில் இருந்தோம். வார்டில் இருந்தவர் டாக்டர் ரகுநாதன். பணிக்குப் புதியவர், கவனம் மிக்கவர். அவர் கண்ட காட்சி இது: நாற்பத்தாறு வயது ஆள்; கழுத்திலிருந்து கால்வரை உடம்பு பல இடங்களில் கரியாகவும் பல இடங்களில் வெளுத்து வறண்ட தோலாகவும் இருக்கிறது. வெளுத்து விறைத்த தோல் என்றால் ஆழமாக எரிந்த தோல். அங்கே உணர்ச்சி இருக்காது. அவர் பாடத்தில் படித்தபடியே ஊசிமுனையால் பல இடங்களில் குத்திப் பார்த்தார். பாய்க்குத் தெரியவில்லை. பரப்பை எண்ணினார்: அறுபத்தொன்று. வயதைக் கூட்டினார்: நூற்றேழு. வழக்கப்படி கதவோரக் கட்டிலில் படுக்கவைத்து, வழக்கப்படி மரண வாக்குமூலம் பெற மாஜிஸ்திரேட்டுக்கு ஆள் அனுப்பினார்.

நாங்கள் அறுவை அறையிலிருந்து வந்தபோது தாழ்வாரத்தில் அழுகை கேட்டது. மாஜிஸ்திரேட் கட்டிலருகே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். அழுகைக்கு மேலே ஒரு குரல் கணீரென்று வந்தது.

"எழுதிக்குங்க ஐயா. எம்மேலயும் தப்பு இல்ல, வெளக்கு மேலயும் தப்பு இல்ல. கிருஷ்ணாயில்ல பெட்ரோல கலந்து வித்தான் பாருங்க, அவன் மேலதான் தப்பு. அவன் யாருன்னு தெரிஞ்சா, இங்க வர்ற வழியிலயே எறங்கி ரெண்டு வுட்டுட்டு வந்துருப்பேன்."

டாக்டர் தணிகாசலம் நின்றார். "யாரு பேசறது?" என்று கேட்டார்.

"நூத்தியேழு சார்" என்றார் ரகுநாதன்.

"நான் நம்பரக் கேக்கல. குரலக் கேக்கறேன்."

கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு கட்டிலருகே போனார். விளக்கைப் பிடித்து மூக்கினுள் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். இருமல் வருகிறதா என்று விசாரித்தார். தாழ்வாரத்தில் அழுதுகொண்டிருப்பவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது, இருமல் இல்லை என்று பதில் வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. குனிந்து, பாயின் இடப்புற மார்பில் வெளுத்துக் காய்ந்திருந்த இடத்தை விரல் நகத்தால் மெல்லச் சுரண்டினார். ஒரு செதில் பெயர்ந்து வந்தது. அதை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு விரலை என் பக்கம் நீட்டினார்.

"சிஸ்டர், இது என்ன வாசனை?"

முகர்ந்தேன். ஐயத்துக்கு இடமே இல்லாத, வீட்டில் நாள்தோறும் காலையில் எழும் வாசனை. "இட்லி மாவு சார்" என்றேன்.

தாழ்வாரத்திலிருந்து ஓர் அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். பச்சையம்மா என்று பெயர். திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் இட்லிக்கடை வைத்திருந்தவர். பாயை வண்டியில் ஏற்றி, உடன் வந்தவரும் அவரே.

"நான்தான் சாமி ஊத்தினேன். திருவிழாவுக்குன்னு ஆட்டி வெச்ச மாவு, ரெண்டு குண்டான். தண்ணி தூரத்துல கீது, பாய் எதுத்தாப்ல எரிஞ்சிகினு கீறாரு. நான் இன்னா பண்றது?"

"புளிச்ச மாவுக்கா" என்றார் கரீம் பாய் கட்டிலிலிருந்து. "கண்ணுலெல்லாம் பூந்துடுச்சி."

டாக்டர் ரகுநாதனைக் கடிந்துகொள்ளவில்லை. ஊசி குத்திப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார். பார்த்தேன், அவருக்குத் தெரியவில்லை என்றார் ரகுநாதன்.

"மாவுக்கு எப்படித் தெரியும்?" என்றார் டாக்டர். பிறகு என்னிடம், "கழுவலாம்" என்றார்.

அந்தக் கழுவலை இன்றும் என் கைகள் நினைவில் வைத்திருக்கின்றன. வலி தெரியாமலிருக்க ஊசி போட்டோம். வெதுவெதுப்பான உப்புநீரை ஊற்றி ஊற்றி, மாவு தானாக ஊறும்வரை காத்திருந்தோம். அவசரப்பட்டுத் தேய்த்தால் மாவோடு தோலும் வந்துவிடும். ஊறிய பிறகு ஈரத்துணியால் ஒற்றினால் அது அடை அடையாகப் பெயர்ந்தது. விளக்கின் புகைக்கரி அடுத்தபடியாகக் கரைந்து ஓடியது. நான் கால்விரல்களிலிருந்து மேல்நோக்கி வந்தேன். ரகுநாதன் கழுத்திலிருந்து கீழ்நோக்கி வந்தார். இடது காலின் பின்புறத்தில் மாவு விலகியதும் சாதாரணத் தோல் தெரிந்தது. மாநிறத்தில், ரோமத்தோடு, கொசு கடித்த தழும்போடு கூடிய தோல். அதைவிட அழகான ஒன்றை அதுவரை நான் கண்டதாக நினைவில்லை. இடது மார்பு அப்படியே இருந்தது. முதுகில் சிவப்பு மட்டும். வலது கையிலும் வயிற்றிலும் கொப்புளங்கள். இரண்டு தொடைகளின் முன்புறமும் வலது காலும்தான் உண்மையிலேயே ஆழமாக எரிந்திருந்தன. அங்கே மாவு போன பிறகும் வெண்மை போகவில்லை.

எக்ஸ்ரே பிலிமில் பாயின் உள்ளங்கை வடிவத்தை வெட்டி எடுத்தேன். மூவரும் தனித்தனியே எண்ணினோம். முதலில் ரகுநாதன் முப்பத்தேழு என்றார். நான் முப்பத்தொன்பது என்றேன். டாக்டர் முப்பத்தெட்டு என்றார். வயதோடு கூட்டினால் எண்பத்து நான்கு.

எண்பத்து நான்கு என்பதும் நல்ல எண் அல்ல. அந்த எண்ணோடு வந்தவர்களில் பலரை நாங்கள் இழந்திருக்கிறோம். ஆனால் அது நூற்றேழு அல்ல. டாக்டர் தள்ளுவண்டியைக் கொண்டுவரச் சொன்னார். பாயைத் தூக்கி அதில் கிடத்தி, கூடத்தின் நடுவே என் மேசைக்கு அருகிலிருந்த கட்டிலுக்குக் கொண்டுபோனோம். வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. எழ முடிந்த நோயாளிகள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்தார்கள். கதவோரக் கட்டிலிலிருந்து வெளியே போனவர்களைத்தான் அவர்கள் பார்த்திருந்தார்கள். உள்ளே வந்தவர் இவர்தான் முதலில்.

பிளாஸ்மா போத்தலை நானே மாட்டினேன்.

டாக்டர் தாழ்வாரத்துக்குப் போய்ப் பச்சையம்மாவிடம், அவர் அணைத்ததால்தான் நெருப்பு இவ்வளவோடு நின்றது என்று சொன்னார். அடுத்த தடவை மட்டும் தண்ணீர் ஊற்றும்படி கேட்டுக்கொண்டார். "அடுத்த தடவ வேற கீதா?" என்று அந்த அம்மாள் திகைத்துப்போனார்.

தீக்காயத்தில் முதல் ஆபத்து உடலிலுள்ள நீர் வற்றிப்போவது. நரம்பில் எவ்வளவு ஏற்றுகிறோம், சிறுநீராக எவ்வளவு வெளியேறுகிறது என்பதை மணிக்கொரு முறை அளக்க வேண்டும். குறைந்தால் சிறுநீரகம் நின்றுவிடும். அளவுக்கு மீறி ஏற்றினால் நுரையீரல் நிரம்பிவிடும். மறுநாள் காலையில் பாயின் கட்டிலடியில் இருந்த போத்தலில் சிறுநீர் தெளிந்த பொன்னிறத்தில் இறங்கியிருந்தது. நல்ல புத்தகங்கள் பல படித்திருக்கிறேன். எழுத்தாளர்கள் விடியலைப் பலவாறு வருணித்திருக்கிறார்கள். தீக்காய வார்டில் விடியல் என்றால் எங்களுக்கு அந்தப் போத்தல்தான்.

அடுத்து வந்தவை நீண்ட வாரங்கள். காயத்தின் மேல் துணி படாமலிருக்க இரும்பு வளைவுகளை வைத்து அவற்றின் மேல் விரிப்பைப் போர்த்தி, கொசுவலை கட்டினோம். முதுகுக்கடியில் விரிப்பு ஒட்டிக்கொள்ளாமலிருக்க, வெந்நீரில் அலசிய வாழையிலைகளைப் பரப்பினோம். இலைகள் பச்சையம்மாவின் கடையிலிருந்து பேருந்தில் வந்தன. பாயின் மனைவி ஜைனப் பீவி மீனும் முட்டையும் சமைத்துக் கொண்டுவருவார். புதுத்தோல் வளரப் புரதம் வேண்டும் என்பதால் முட்டைமேல் முட்டையாகக் கொடுத்தோம். நாஸ்தாவுக்கு முட்டை, மதியத்துக்கு முட்டை, தூங்கி எழுந்தால் முட்டை, இனிக் கூவ வேண்டியதுதான் பாக்கி என்று பாய் அலுத்துக்கொள்வார். அவர் பேச்சைக் கேட்பதற்காகவே மற்ற கட்டில்காரர்கள் வலியைச் சற்று ஒத்திப்போடுவார்கள்.

ஒரு நாள் காலையில் அவர் பேசவில்லை.

காய்ச்சல் ஏறியிருந்தது. வலது தொடையில் இறந்த தோலுக்கடியில் பச்சை நிறத்தில் சீழ் தெரிந்தது. அழைத்தால் கண்ணைத் திறந்தார், ஆனால் யாரென்று அடையாளம் காணவில்லை. தீக்காயத்தில் இரண்டாவது ஆபத்து இதுதான். முதலாவதைத் தாண்டியவர்களில் பலரை இது கொண்டுபோய்விடும். மருந்தை மாற்றினோம், இறந்த தோலை வெட்டி அகற்றினோம். இரண்டு நாள் கழிந்தும் காய்ச்சல் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ஜைனப் பீவியின் தம்பி இஸ்மாயில் வாடகைக் காரோடு வந்து நின்றார். மாமல்லபுரத்தில் எல்லோருக்கும் கதவோரக் கட்டிலின் செய்தி போயிருந்தது. உள்ளே மாற்றியதை யாரும் நம்பவில்லை, அல்லது அது ஏதோ ஆறுதலுக்காகச் செய்தது என்று எண்ணினார்கள். இறப்பதானால் சொந்த வீட்டில், சொந்தபந்தங்களுக்கு நடுவே இறக்கட்டும் என்பது அவர்கள் முடிவு. அதில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை.

"அந்தக் கட்டில்ல போட்டு யாரு சார் திரும்பி வந்தாங்க?" என்று இஸ்மாயில் கேட்டார். கண்கள் சிவந்திருந்தன. "மச்சான வூட்டுக்கு எடுத்துகினு போறோம். இங்க வெச்சி பேஜாரு பண்ணாதீங்க."

டாக்டர் விவாதிக்கவில்லை. கட்டில் கம்பியில் நான் நூல்கட்டித் தொங்கவிட்டிருந்த பிலிம் கையை அவிழ்த்து இஸ்மாயிலிடம் கொடுத்தார். கைகளைக் கழுவிவரச் சொன்னார். பிறகு விரிப்பை விலக்கி, மிச்சமிருக்கும் காயத்தை அவரையே எண்ணச் சொன்னார். இஸ்மாயில் காயத்தில் படாமல், ஓர் உள்ளங்கை அகலம் நகர்த்தி நகர்த்தி எண்ணினார். கொப்புளமாக இருந்த வயிறும் வலது கையும் முற்றிலும் ஆறி, இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் மூடியிருந்தது. அங்கே எண்ண ஒன்றும் இல்லை. தொடைகளில் எண்ணினார், காலில் எண்ணினார், தடுமாறி மறுபடி எண்ணினார்.

"இருவது" என்றார்.

"வந்த அன்னைக்கு முப்பத்தெட்டு. இன்னைக்கு நீங்க எண்ணினது இருபது. நான் எண்ணல, நீங்க எண்ணினீங்க." டாக்டர் விரிப்பை மூடினார். "காய்ச்சல் இருக்கு. எனக்கும் பயம் இருக்கு. வீட்டுக்குக் கொண்டுபோனா பயம் இருக்காது. முடிஞ்சுபோயிரும்."

கட்டிலின் மறுபக்கத்தில் கொசுவலையைப் பிடித்து நின்ற ஜைனப் பீவி, கணவரின் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமலே பேசினார்.

"இஸ்மாயிலு. கார அனுப்பிடு."

"அக்கா, நெனச்சிப் பாரு..."

"இருவதுதான கீது. அனுப்பிடு."

அனுப்பிவிட்டார். அதோடு நிற்கவில்லை, இரத்தம் தேவைப்படும் என்று நான் சொன்னதும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தார். அவருடைய இரத்தம் பொருந்தியது. காய்ச்சல் மெல்ல மெல்லப் படியிறங்கியது. பச்சைச் சீழ் போன இடத்தில், நாங்கள் காத்திருந்த சிவப்பு வந்தது. புதுத்தோலை ஏற்றுக்கொள்ளத் தயாரான சதையின் சிவப்பு அது.

அறுவை நாளில் டாக்டர் பாயின் முதுகிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்தார். அக்காலத்தில் அதைத் தபால் தலை அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டி, காயத்தின் மேல் இடைவெளிவிட்டு ஒட்டவைப்போம். துண்டுகள் பிழைத்தால் ஓரங்களிலிருந்து வளர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். மயக்கம் தெளிந்த பிறகு, என்ன செய்தோம் என்பதை நான் அவருக்கு இப்படித்தான் விளக்கினேன். தபால் தலையை உதாரணமாகச் சொன்னேன்.

"ஸ்டாம்பு ஒட்டிட்டீங்க. சரி சிஸ்டரம்மா, எந்தூருக்கு அனுப்பறீங்க?"

காய்ச்சலுக்குப் பின் முதல் தடவையாக அவர் பழையபடி பேசிவிட்டார். நான் உடனே போய் ரகுநாதனிடம் சொன்னேன். அவர் நோயாளிகளின் முன்னே சிரித்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தோம். ஒட்டிய துண்டுகளில் ஏறக்குறைய எல்லாமே இளஞ்சிவப்பாக உயிர்பிடித்திருந்தன.

அதற்குப் பின் எங்கள் வார்டில் சில வழக்கங்கள் மாறின. கழுவாமல் யாரும் எண்ணக் கூடாது. எண்ணாமல் யாரும் கூட்டக் கூடாது. அதைவிட முக்கியமாக, முதல் நாள் கூட்டுத்தொகை எதுவானாலும், முதல் பிளாஸ்மா போத்தலை மறுக்கக் கூடாது என்று டாக்டர் ஆணையிட்டார். மறுநாள் மறுபடி எண்ண வேண்டும், அதற்கடுத்த நாளும் எண்ண வேண்டும். ரகுநாதன் இதில் எவரையும்விடக் கண்டிப்பானவராக மாறினார். பின்னாளில் மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது, தான் ஒருமுறை இட்லி மாவின் ஆயுளைக் கணித்ததாகச் சொல்லித்தான் தொடங்குவார். கணக்கு பொய் என்று நாங்கள் ஒருநாளும் நினைக்கவில்லை. அந்தக் கூட்டல் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. நூறைத் தாண்டிய பலரை, பிளாஸ்மா கொடுத்தும், அதற்குப் பிறகும் நாங்கள் இழந்தோம். ஆனால் சிலர் இருந்தார்கள். அந்தச் சிலர், முன்பு எங்கள் கண்ணுக்கே தெரியாமல் இருந்தவர்கள்.

என்னைப் பார்க்க வந்த பெண்களிடம் நான் சொன்னதும் இதுதான். கைப்பேசி தரும் எண்ணை மதியுங்கள். அதற்கு நீங்கள் கொடுக்கும் எண்ணை முதலில் கழுவிப் பாருங்கள்.

கரீம் பாய் வீடு திரும்பும் நாள் வந்தது. ஊன்றுகோல் இல்லாமல், சற்றே சாய்ந்து நடக்கப் பழகியிருந்தார். அன்று காலை டாக்டர் சுற்றிவரும்போது, தமக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது என்றார் பாய். என்ன என்று கேட்டார் டாக்டர்.

"என்னிய மொதல்ல எந்தக் கட்டில்ல போட்டீங்களோ, அதுலேர்ந்துதான் சார் வூட்டுக்குப் போவேன். அதுக்கு ஊர்ல பேரு கெட்டுக் கீது. நான் மாத்திட்டுப் போறேன்."

டாக்டர் தணிகாசலம் என் பக்கம் திரும்பி, புது விரிப்புப் போடச் சொன்னார். கதவோரக் கட்டிலுக்கு நான் விரித்த விரிப்புகளிலேயே அன்று விரித்ததுதான் மூலை மடிப்புப் பிசகாமல் அமைந்தது. பாய் கூடத்தின் நடுவே நடந்து, ஒவ்வொரு கட்டிலாக நின்று விடைபெற்றுக்கொண்டு, கதவோரம் போய்க் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். இஸ்மாயில் குனிந்து, மச்சானின் கால்களில் புதுச் செருப்பை மாட்டிவிட்டார். ஜைனப் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அருகே நின்றார்.

அந்த நேரத்தில் பச்சையம்மா தூக்குப் பாத்திரத்தோடு வந்து சேர்ந்தார். பாய் அதைப் பார்த்ததும் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"யக்கா, மறுபடியும் மாவா?"

"இல்ல பாய்" என்றார் பச்சையம்மா, மூடியைத் திறந்தபடி. "இந்த வாட்டி வேக வெச்சிக் கொண்டாந்துகீறேன்."

அத்தனை இட்லியையும் அந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான் அவர் சாப்பிட்டார். கூடம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கையைக் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அந்தக் கதவின் வழியாகத் தம் சொந்தக் கால்களால் நடந்து வெளியே போனார். அடுத்த வாரம் வீடு திரும்பிய, படாளத்திலிருந்து வந்திருந்த வேறொரு நோயாளிப் பெண்ணும், யாரும் சொல்லாமலே, செருப்பு மாட்டிக்கொள்ளக் கதவோரக் கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.